எழும்பூரிலிருந்து அம்மையார்குப்பம் வரை

சென்னை எழும்பூருக்கும் திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு இருக்கும். இன்று இதைச் சில மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால், ஓர் அறிவு இந்தத் தொலைவைக் கடக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பிள்ளைப்பேற்றில் தாயையும் சேயையும் காப்பது எப்படி என்னும் அறிவே அது. எழும்பூரில் மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி தொடங்கிய ஆண்டு 1854. அந்தப் பயிற்சி பெற்ற ஒரு பெண், ஆந்திர எல்லையோரத்து நெசவாளர் வீட்டுத் திண்ணை வரை வந்து சேர ஏன் இத்தனை காலம் பிடித்தது? இக்கேள்விக்கு விடை தேடினால், நம் நாட்டில் மகப்பேற்றுச் செவிலியர் கல்வி வளர்ந்த வரலாறு முழுவதும் நமக்குத் தெரியவரும்.

மருத்துவச்சியின் காலம்

பள்ளிகள் தோன்றுமுன் பிள்ளைப்பேறு பார்க்க ஆளில்லாமல் இல்லை. ஊருக்கு ஊர் மருத்துவச்சி இருந்தாள். அவள் பாட்டியிடமும் தாயிடமும் கண்ணால் கண்டு கைப்பழக்கமாகக் கற்றவள். வயிற்றைத் தடவிப் பார்த்தே குழந்தையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்லக்கூடியவள். வலியால் துடிக்கும் பெண்ணுக்கு அவள் பேசும் பேச்சே பாதி மருந்து. அவளிடம் அனுபவம் இருந்தது. கிருமி என்னும் கண்ணுக்குத் தெரியாத பகைவனைப் பற்றிய அறிவுதான் இல்லை. அந்த அறிவு அன்று உலகில் யாரிடமும் இல்லை என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

தொப்புள்கொடியை அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ அறுப்பார்கள். அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பதும் பல இடங்களில் வழக்கம். முதலில் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். பிள்ளைப்பேறு 'தீட்டு' என்று கருதப்பட்டதால், வீட்டின் இருண்ட மூலையோ புழக்கடையோ அதற்கு ஒதுக்கப்பட்டது. பேறு பார்ப்பதும் சமூகத்தின் கீழ்த்தட்டில் வைக்கப்பட்ட பெண்களின் தொழிலாயிற்று. இந்தத் தீட்டு எண்ணம், செவிலியர் கல்வியின் வளர்ச்சியை நெடுங்காலம் தடுத்து நின்றதைப் பின்னர் காண்போம்.

எழும்பூரில் ஒரு பள்ளி

1844ஆம் ஆண்டு சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை ஒன்று நிறுவப்பெற்றது. இன்று எழும்பூரில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையாக விளங்குவது இதுவே. பத்தாண்டுகள் கழித்து, 1854இல், மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு இங்கு ஒப்புதல் அளித்தது. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியபோது அதில் சேர்ந்த மாணவியர் நால்வர். மகப்பேற்றுப் பயிற்சி ஏற்கெனவே பெற்றவர்கள் இவர்கள். நம் நாட்டில் செவிலியர் கல்வி மகப்பேற்றிலிருந்தே கிளைத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

1854இல் எழும்பூரில் படித்த மாணவி ஒருத்தி திருத்தணிப் பக்கம் போக விரும்பியிருந்தால் எப்படிப் போயிருப்பாள்? தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது 1856இல்தான். அதற்கு முன் மாட்டுவண்டியே வழி. ஆனால் தொலைவு மட்டுமே தடை என்று எண்ணிவிடக்கூடாது. அதைவிடப் பெரிய தடைகள் மூன்று இருந்தன. பாடமே இன்னும் முழுமை பெறவில்லை. பாடம் தாய்மொழியில் இல்லை. படிக்க வருவோரும் மிகச் சிலரே. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கை கழுவும் பாடம்

முதல் தடை பாடத்திலேயே இருந்தது. அக்காலத்தில் உலகெங்கும் மகப்பேற்று மருத்துவமனைகளை அச்சுறுத்திய நோய் பேறுகாலக் காய்ச்சல். பேறு முடிந்த இரண்டொரு நாளில் குளிர் நடுக்கம், கடுங்காய்ச்சல், வயிற்றுவலி. சில நாட்களில் மரணம்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் மகப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சி மாணவியர் பயின்றனர். 1846இல் முதற்பிரிவில் நூறு தாய்மாரில் 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. படித்த மருத்துவர்கள் இருக்கும் இடத்தில்தான் சாவு அதிகம்! இந்தப் புதிரை அவிழ்த்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். மாணவர்கள் பிண அறையில் உடல்களை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு வந்து தாய்மாரைச் சோதித்தனர். மருத்துவச்சி மாணவியருக்குப் பிண அறையில் வேலை இல்லை. அவ்வளவே வேறுபாடு!

1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே தாயைத் தொடவேண்டும் என்று செம்மல்வைஸ் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் சுமார் 2 ஆக இறங்கியது. எனினும் உலகம் இதை உடனே ஏற்கவில்லை. பாஸ்டர் நுண்ணுயிர்களைப் பற்றி நிறுவிக் காட்டி, லிஸ்டர் 1867இல் கிருமிக்கொல்லி முறையை வெளியிட்ட பிறகே இக்கருத்து மெல்ல மெல்ல வேரூன்றியது. ஆகவே, 1854இல் தொடங்கிய பள்ளியின் முதல் தலைமுறை மாணவியருக்குக் காலத்தின் மிக இன்றியமையாத பாடம் உலகப் பாடத்திட்டத்திலேயே இல்லை. ஊர் மருத்துவச்சியை மட்டும் அறியாமைக்காகக் குறை கூறுவது நியாயமாகாது.

தமிழில் வந்த பாடம்

இரண்டாம் தடை மொழி. இங்கு நினைவுகூர வேண்டியவர்கள் இருவர். ஒருவர், சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கி வைத்தவரும் பின்னாளில் சென்னை மாகாண மருத்துவத் தலைவராக விளங்கியவருமான எட்வர்டு பால்ஃபர். கான்குவெஸ்ட் என்பார் எழுதிய மகப்பேற்று நூலை இவர் இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் அதைப் பெயர்க்கச் செய்து தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் திருத்தணி போன்ற வட்டாரங்களுக்கு இவ்விரு மொழி நூல்களும் எவ்வளவு பொருத்தமானவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847இல் இலங்கைக்கு வந்த இவர் தமிழைக் கற்று, 'மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும், கற்பிக்கவும் வேண்டும்' என்று உறுதி பூண்டார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறை நூல்கள் இவர் முயற்சியால் தமிழுக்கு வந்தன. அவற்றுள் மகப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857ஐச் சேர்ந்தது. 1860களில் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். கலைச்சொல் இல்லையே என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. இருக்கும் சொல்லை எடுத்தாண்டார், இல்லாததை ஆக்கிக்கொண்டார்.

ஆயினும் நூல் இருந்தால் மட்டும் போதுமா? ஊரில் பேறு பார்த்த பெண்களுக்கு எழுத்தறிவு இல்லை; எழுத்தறிவு பெற்ற ஆண்களுக்குப் பேறு நடக்கும் அறையில் இடமில்லை. நூலுக்கும் கைக்கும் இடையே இருந்த இந்தப் பள்ளத்தைத் தாண்ட, படித்த பெண் ஒருத்தி தேவைப்பட்டாள்.

யார் படிக்க வந்தார்கள்?

இதுவே மூன்றாம் தடை. தொடக்கத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களும் இந்தியக் கிறித்தவப் பெண்களுமே. மற்றவர்களுக்குக் குழந்தை மணமும் கோஷா முறையும் தீட்டு அச்சமும் வழியடைத்தன.

சென்னையில் வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்த மேரி ஷார்லிப், ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பத்தைக் கேள்வியுற்றார். முதலில் எழும்பூர் மருத்துவமனையில் மகப்பேற்றுப் பயிற்சி பெற்றார். பிறகு, பால்ஃபரின் ஆதரவோடு சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் பெண்களுக்குக் கதவு திறந்தபோது, அங்குச் சேர்ந்த நால்வருள் ஒருவரானார். இங்கிலாந்து சென்று மேலும் கற்றுத் திரும்பிய அவர், கோஷாப் பெண்களுக்கென 1885இல் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

அம்மையார்குப்பத்துக்குத் தென்மேற்கே, வேலூரில் இன்னொரு விளக்கு ஏற்றப்பட்டது. 1890இல் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பேறுகால வேதனையில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க ஒரு பெண் வேண்டும் என்று இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் வந்து வேண்டினர். அவருக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னபோது, ஆடவர் வரக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார். ஆனால் தாம் ஒருவர் மட்டும் மருத்துவரானால் போதாது என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. 1946இல் செவிலியர் பள்ளியின் படிப்பு பட்டப்படிப்பாக உயர்ந்தது.

இதனிடையே, 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்தை இயற்றியது. பயிற்சி பெற்றவர் யார் என்பதைப் பதிவேட்டில் பொறிக்கும் முறை இதனால் ஏற்பட்டது. எழும்பூர் மருத்துவமனையின் பெரும் ஆசிரியரான டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் 1938இல் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூல், பல பதிப்புகள் கண்டு இன்றும் மாணவர் கையில் உள்ளது.

60,000 பேருக்கு ஒருவர்

இத்தனை முயற்சிகளுக்குப் பின்னும் கணக்கு என்ன சொன்னது? 1946இல் போர் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நாடு முழுவதற்கும் இருந்த மருத்துவச்சிகள் சுமார் 5,000 பேர். அதாவது 60,000 மக்களுக்கு ஒருவர்! செவிலியர் சுமார் 7,000 பேர். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு 20 தாய்மார் இறந்ததாக அக்குழு மதிப்பிட்டது. 1937இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மடிந்தன. தொண்ணூறு ஆண்டுகளாகப் பள்ளிகள் நடந்தும் பயிற்சி நகரத்து மதில்களைத் தாண்டவில்லை என்பதே இதன் பொருள்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1947இல் இந்தியச் செவிலியர் கழகச் சட்டம் வந்தது. குறைந்த பள்ளிப் படிப்புடைய பெண்களும் சேரக்கூடிய துணைச் செவிலியர்–மருத்துவச்சிப் படிப்பு 1951இல் தோன்றியது. நகரத்து மருத்துவமனைக்காக அல்லாமல், கிராமத்துக்காகவே வகுக்கப்பட்ட படிப்பு இது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன.

இக்காலத்தில் திருத்தணி வட்டாரம் கண்ட மாற்றங்களும் சில அல்ல. வட ஆர்க்காட்டில் இருந்த பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் மாறின; அலுவலக மொழியும் மாறியது. எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும், நள்ளிரவில் வலி கண்ட பெண்ணுக்கு வேண்டியது ஒன்றே: கூப்பிடு தொலைவில், அவள் பேச்சு புரியும், பயிற்சி பெற்ற ஒரு பெண்.

அண்டை நாடான இலங்கை இதை முன்னதாகவே மெய்ப்பித்தது. சுகாதாரப் பகுதிகளில் பொதுச் சுகாதார மருத்துவச்சிகளை அமர்த்தும் முறை அங்கு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. 1935க்குப் பின் அந்நாட்டில் தாய் மரண விகிதம் 6 முதல் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. செல்வம் மிக்க நாடல்ல இலங்கை. வீடு தேடிச் செல்லும் பெண்களை முறையாகப் பயிற்றி, அவர்களுக்குப் பின்னே ஒரு மருத்துவமனையையும் நிறுத்தியது. அவ்வளவே.

ஐந்து தூய்மைகள்

பயிற்சி எவ்வாறு உயிர் காக்கிறது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிறந்த குழந்தையைத் தாக்கும் இசிவு நோய். குழந்தை நன்றாகப் பிறக்கும். இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு வாய் இறுகும். பால் குடிக்க முடியாது. உடல் வில்லாக வளையும். பெரும்பாலும் மரணமே முடிவு. 'காற்று பட்டது', 'தோஷம்' என்றெல்லாம் மக்கள் நம்பினர்.

உண்மையில் நடப்பது என்ன? இசிவு நோய்க் கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கக் கூடியவை. உயிர்க்காற்று இல்லாத இடத்தில் அவை விழித்து வளரும். அறுபட்டு உலரும் தொப்புள்கொடியின் செத்த திசு அதற்கு ஏற்ற இடம். கிருமி அங்கேயே தங்கிவிடும். அது கக்கும் நஞ்சு மட்டும் நரம்புகளைச் சென்றடைந்து தசைகளை முறுக்கிப் பிடிக்கும். அரிவாளும் சாணமும் செய்த கேடு இதுதான்.

இதைத் தடுக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. தூய கை, தூய படுக்கை, தூய அலகு, தூய நூல், எதுவும் பூசாத தூய தொப்புள் — இவை ஐந்தும் போதும். கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி போட்டால் அவள் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் சென்று காவல் நிற்கும். ஒரு காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு இலட்சம் குழந்தைகளைப் பற்றிய நோய் இது. 2015இல் இந்தியா இந்நோயை அகற்றிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. புதிய ஆலையோ புதிய அறுவை முறையோ இவ்வெற்றியைத் தேடித் தரவில்லை. ஊர் ஊராக நடந்து ஊசி போட்ட, தொப்புளில் எதையும் வைக்காதே என்று சொல்லிச் சொல்லிச் சலிக்காத செவிலியரின் வெற்றி இது.

சேயும் ஒரு தனி உயிர்

பழைய பயிற்சியில் கவனம் முழுவதும் தாயின்மீதே இருந்தது. குழந்தை அழுதால் சரி. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்நோக்கு மாறியது. 1953இல் அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார், பிறந்த ஒரு நிமிடத்தில் குழந்தையின் நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளித்தல், தசை வலு, மூச்சு ஆகிய ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் இடும் முறையை வெளியிட்டார். குழந்தைக்கு உதவி தேவையா என்பதை எண்ணிச் சொல்லும் வழி இதனால் கிடைத்தது.

பிறந்த குழந்தைக்குக் குளிர் பெரும் பகை. எடையோடு ஒப்பிட்டால் அதன் உடற்பரப்பு பெரியவர்களுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஈரமாகப் பிறப்பதால் நீர் ஆவியாகும்போது சூடும் உடன் போய்விடும். பிறந்ததும் குளிப்பாட்டும் வழக்கம் இதனால்தான் தீங்காகிறது. துடைத்து உலர்த்தித் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்துவதே சிறந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்கு இம்முறையை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவர்கள் கையாண்டனர். அங்குச் சூடூட்டும் பெட்டிகள் போதாததே காரணம். வறுமையில் பிறந்த இந்தக் 'கங்காரு' முறை, பிறந்த உடனேயே தொடங்கப்பட்டால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பைக் கால்பங்கு குறைக்கிறது என்பதை 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தில்லி மருத்துவமனை ஒன்றும் அவ்வாய்வில் பங்கு பெற்றது.

பேறு எப்போது கைமீறுகிறது என்று அறிவதும் ஒரு கலை. 1972இல் ஆப்பிரிக்காவின் ரொடீசியாவில் ஃபில்பாட், காசில் என்னும் இருவர், கருப்பை வாய் விரியும் வேகத்தை வரைபடமாகக் குறிக்கும் தாளை வகுத்தனர். எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். மருத்துவர் இல்லாத ஊரில் தனித்து நிற்கும் மருத்துவச்சிக்காகவே வரையப்பட்டது அந்தத் தாள்.

எஞ்சிய பயணம்

இன்று தமிழ்நாட்டில் 8,700க்கும் மேற்பட்ட துணைச் சுகாதார நிலையங்கள் உள்ளன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து அமர்த்தி, இரவும் பகலும் பேறு பார்க்கும் ஏற்பாடு வந்தது. 2008இல் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது. 2001–03இல் தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018–20இல் இது 54 ஆகக் குறைந்தது. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 2020இல் 13. போர் குழு கண்ட 162ஐ இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நூற்றாண்டுப் பயணம் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் பயணம் முடிந்துவிடவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவை மூலம் நடப்பவை. அறுவை தேவைப்படும்போது அது உயிர் காக்கும்; தேவையில்லாதபோது தாய்க்குச் சுமை. இயல்பான பேற்றைப் பொறுமையோடு காத்திருந்து நடத்தும் திறமை, பழைய மருத்துவச்சியிடம் அனுபவமாக இருந்த திறமை, கல்வியின் துணையோடு மீண்டும் தேவைப்படுகிறது. 2018இல் மைய அரசு வெளியிட்ட மருத்துவச்சிப் பணி வழிகாட்டு நெறிகள், செவிலியருக்கு 18 மாதத் தனிப்பயிற்சி அளித்து இத்திறமையை வளர்க்கவே வழி வகுத்துள்ளன.

மற்றொன்று மொழி. தமிழ்வழியில் படித்த நெசவாளர் வீட்டுப் பெண் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தால், ஆங்கிலப் பாடநூலே அவளை எதிர்கொள்கிறது. கருப்பை வாய் விரிவதையும் நச்சுக்கொடி பிரிவதையும் அவள் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து, தமிழில் தாய்க்கு விளக்கவேண்டும். எல்லையோர ஊர்களில் தெலுங்கிலும் விளக்கவேண்டும். மானிப்பாயில் கிரீன் தொடங்கிவைத்த பணி இங்கேதான் நமக்காகக் காத்திருக்கிறது. எழும்பூரின் அறிவு அம்மையார்குப்பத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அம்மையார்குப்பத்துப் பெண், தன் மொழியில் தெளிவாகக் கற்று எழும்பூரில் கற்பிக்கும் இடத்துக்கு உயர்வதே இனி நடக்க வேண்டிய பயணம்.